'ஜாப் கசாய்' மசாஜ்: பெயர் சொல்வது என்ன, எல்லை எங்கே?

பாங்காக், சியாங் மாய் பக்கம் சில மசாஜ் கடைகளின் விலைப் பட்டியலில் 'ஆண்களுக்கான ஜாப் கசாய்' என்று ஒரு வரி இருக்கும். "இது வைத்தியமா, இல்ல வேற மாதிரியா?" என்று கேட்கக் கூச்சப்பட்டே பலர் உள்ளே போய்விடுகிறார்கள். பாதி பதில் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

தாய்லாந்து மொழியில் 'ஜாப்' என்றால் பிடிப்பது. 'கசாய்' நமக்கும் தெரிந்த சொல்தான். சயரோகம் என்கிறோமே, அதே 'க்ஷய' என்ற வடசொல். ஆனால், அங்கே அது காசநோய் இல்லை. உடம்பு மெல்ல மெல்லத் தேய்ந்து தளர்வது. அந்தத் தேய்மானத்தைப் பிடித்துவிட்டுச் சரிசெய்வதுதான் ஜாப் கசாய். பெயரில் பாலுறவு எங்கேயும் இல்லை.

அந்த நாட்டு வைத்தியம் உடம்பில் 'சென்' என்று பத்து முக்கிய நாடிகளைச் சொல்கிறது. இத்தா, பிங்கலா, சுமனா என்ற மூன்றும் நம்ம இடகலை, பிங்கலை, சுழுமுனைக்குச் சொந்தக்காரர்கள். பத்தில் இரண்டு, ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் போவதாக நம்பிக்கை. அதனால்தான் கை அடிவயிறு, தொடை இடுக்கு என்று நகர்ந்து விரைப்பை வரை போகிறது.

குழப்பம் பக்கத்துப் பெயர்களில். 'சி நேய் சாங்' சீனத் தாவோ மரபின் வயிற்று மசாஜ். அதையும் கசாயையும் ஒட்டவைத்த பெயர் 'கர்சாய் நேய் சாங்'. 'லிங்கம் மசாஜ்' மேற்கில் வளர்ந்த நவதந்திர வகை. தாய்லாந்து மரபே இல்லை. 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 'நுவாட் தாய்' எனும் பொதுவான மசாஜ் மரபு. அந்தப் பெயரைப் போர்டில் எழுதிவைத்தால் உள்ளே நடப்பதெல்லாம் பாரம்பரியம் ஆகிவிடாது. பாலியல் தொழிலைத் தடுக்க 1996 முதல் அங்கே தனிச் சட்டமே இருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி மசாஜ் கடைக்கு உரிமமும், மசாஜ் செய்பவருக்குப் பதிவும் வேண்டும்.

சரி, எல்லை எங்கே? உடை மாற்றும் முன்பே பேசிவிடுவது நல்லது. எங்கெல்லாம் தொடுவீர்கள், துணி இருக்குமா, கையுறை போடுவீர்களா? இதைக் கேட்டதும் மழுப்பினால் கிளம்பிவிடலாம். 'ஜெப்' என்றால் வலிக்குது, 'யுத்' என்றால் நிறுத்து. இந்த இரண்டு வார்த்தை போதும். நடுவில் விறைப்பு வந்தால் அது நரம்பின் வேலை. சம்மதமும் இல்லை, அழைப்பும் இல்லை. காசு கொடுத்தாச்சே என்று மசாஜ் செய்பவரிடம் 'கூடுதலாக' ஏதாவது கேட்பதும் அத்துமீறல்தான். அவருக்கும் எல்லை உண்டு.

ஆண்மைக்குறைவைக் குணமாக்கும் என்ற விளம்பரத்துக்கு உறுதியான மருத்துவச் சான்று கிடையாது. விரையில் கட்டி, குடலிறக்கம், வெரிகோசீல் இருந்தால் முதலில் யூராலஜிஸ்ட்டைப் பாருங்கள். விரையில் திடீரென்று கடும் வலி வந்தால் மசாஜ் மேஜைப் பக்கமே போக வேண்டாம். விரை முறுக்கிக்கொண்டிருந்தால், சுமார் 6 மணி நேரத்துக்குள் அதைச் சரிசெய்தாக வேண்டும். நேராக ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள்.