போதும் என்னும் சுவை

பெல்ஜிய நாட்டின் மேற்குப் புறத்திலே வெஸ்ட்வ்லெத்தரன் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே 1831ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற புனித சிக்ஸ்துஸ் மடத்தில், திராப்பிஸ்த் பிரிவைச் சேர்ந்த கத்தோலிக்கத் துறவிகள் வாழ்கின்றனர். மௌனத்தையும் பிரார்த்தனையையுமே வாழ்வாகக் கொண்ட இவர்கள் செய்யும் தொழில் யாது? பியர் காய்ச்சுதல்!

துறவியர் கையில் மதுவா என்று வாசகர்கள் வியக்கலாம். துறவிகள் தம் கையுழைப்பால் வாழவேண்டும் என்பது, 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் முனிவர் வகுத்த விதி. அவ்விதிவழிச் சில மடத்தார் பாற்கட்டி செய்கின்றனர். சில மடத்தார் பியர் காய்ச்சுகின்றனர்.

இவற்றுள் பெயர்பெற்றவை கருநிறமும் வலிமையும் வாய்ந்த பியர்கள். சாதாரண பியரில் மதுசாரம் ஏறத்தாழ 5 வீதம். இம்மடத்தின் ‘12’ என்னும் பியரிலோ 10.2 வீதம், ரோஷ்போர் மடத்தின் ‘10’ என்பதில் 11.3 வீதம். முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையோடு சீனியைக் காய்ச்சிய கரும்பாகு சேர்வது இவ்வகைப் பியரின் வழக்கம். உலர்ந்த திராட்சை, அத்திப்பழம், கராம்பு ஆகியவற்றை நினைவூட்டும் மணமோ பெரிதும் மதுவத்தின் வேலை. போத்தலில் அடைத்த பின்னரும் மதுவம் தொழிற்படும்; ஆண்டுக்கணக்கிற் சுவை முதிரும்.

சுவைக்கும் முறையும் தனியானது. மிகக் குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும். 12 பாகை செல்சியஸ் அளவே தகும். வாயகன்ற கிண்ணத்திலே, அடிமண்டி கலங்காமல் மெல்ல வார்ப்பர். முதலில் நிறத்தைப் பார்ப்பர். பின்னர் மணத்தை நுகர்வர். அதன்பின்னரே ஒரு சிறு மிடறு. முதலிற் பாகின் இனிமை, நடுவிற் பழச்சுவை, ஈற்றில் மெல்லிய கசப்பும் இளஞ்சூடும். விரைந்து குடிப்பவனுக்கு மயக்கம் கிட்டும், சுவை கிட்டாது.

2005ஆம் ஆண்டில் பியர் இரசிகர்கள் இந்தப் ‘12’ஐ உலகில் முதன்மையானதெனத் தெரிந்தனர். மடத்து வாயிலில் மோட்டார் வண்டிகள் வரிசையாக நின்றன. வணிகராயின் உற்பத்தியைப் பன்மடங்காக்கியிருப்பர். துறவிகளோ இசையவில்லை. தம் வாழ்க்கைக்கு வேண்டிய அளவே காய்ச்சினர். பெட்டியாக வாங்குவோர்க்கு முன்பதிவும் வரையறையும் விதித்தனர். மடத்தைப் புதுப்பிக்கப் பணம் வேண்டியபோது, 2011, 2012ஆம் ஆண்டுகளில், தனிப் பொதிகளாகக் கடைகள் வாயிலாகவும் விற்றனர். பின்னர் பழைய அளவுக்கே மீண்டனர்.

இக்கட்டுரையாளன் இப்பியரைச் சுவைத்தவனல்லன்; மாணவர் சுவைக்கவேண்டுமென்று எழுதவுமில்லை. அளவு கடந்த மதுவினாற் குலைந்த குடும்பங்கள் நம் கண்முன்னே உள. ஆயினும், மதுவையே விற்று வாழ்பவர்கள், வாங்குவோர் வாயிலிலே காத்து நிற்கையில், இவ்வளவே எமக்குப் போதும் என்று அடுப்பை அணைப்பதை எண்ணிப் பாருங்கள். காய்ச்சுபவர்க்கும் சுவைப்பவர்க்கும் அங்கே விதி ஒன்றே. பணத்திலும் பண்டத்திலும் ‘போதும்’ என்று சொல்லும் இடத்தை அறிவது, நம் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்க வேண்டிய பாடமன்றோ?