அவள் பேரில் இருக்கட்டும்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. மதினி, நீங்களும்தான். மகளைச் சென்னைக்கு வேலைக்கு அனுப்பிய வீட்டில் ராத்திரி பத்து மணிக்குப் போன் அடித்தால் அடிவயிறு கலங்கத்தான் செய்யும். குருவிகுளத்துக்கும் சென்னைக்கும் நடுவில் அறுநூறு கிலோமீட்டர் பக்கம் கிடக்கிறது. அந்த நேரத்துக்குப் பொதிகை சங்கரன்கோவிலைத் தாண்டியிருக்கும், நெல்லை எக்ஸ்பிரஸ் கோவில்பட்டியை விட்டிருக்கும். பஸ் பிடித்துக் கிளம்பினாலும் போய் இறங்க மறுநாள் காலை ஆகிவிடும். அந்த ராத்திரி உங்களிடமிருந்து அவளுக்குப் போய்ச் சேரக்கூடியது குரல் ஒன்றுதான். அந்தக் குரலில் என்ன இருக்க வேண்டும் என்று பிறகு பேசுவோம். அவளுக்கு வருகிற சங்கடங்களில் நிறைய, அவள் பஸ் ஏறுவதற்கு முன்பே இந்த வீட்டிலேயே உருவானவை. அதிலிருந்து தொடங்குகிறேன்.

அவள் வைத்திருக்கிற போன் நம்பர் யார் பேரில் இருக்கிறது? பிளஸ் டூ முடித்த சமயம் நீங்கள்தான் உங்கள் ஆதாரைக் கொடுத்து வாங்கிக் கொடுத்தீர்கள். நம் பக்கம் முக்கால்வாசி வீடுகளில் அப்படித்தான். இப்போது தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறும் நெரிசலில் அந்தப் போனை யாரோ உருவிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை சிம்மை முடக்குவது. சம்பளக் கணக்கின் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும், போனை வைத்திருப்பவன் கையில் அதுவும் கிடைத்துவிடும். முடக்கியாயிற்று, இனி அதே நம்பரில் புது சிம் வாங்க வேண்டும். கடையில் கைரேகை வைக்கச் சொல்வார்கள். வைக்க வேண்டிய விரல் குருவிகுளத்தில் இருக்கிறது. போனும் இல்லை, நம்பரும் இல்லை, ஜிபேயும் இல்லை என்று பக்கத்து அறைப் பிள்ளையின் போனை வாங்கி அவள் உங்களைக் கூப்பிடுவாள். “இது கூடவா பத்திரமா வச்சுக்கத் தெரியாது?” என்று நீங்கள் சத்தம் போடுவீர்கள். அவள் தொலைத்தது போனை மட்டும்தான் அண்ணாச்சி. நம்பர் திரும்பக் கிடைக்காமல் போனது அவள் கவனக்குறைவால் அல்ல.

போன் வாங்கிய அட்டைப்பெட்டி உங்கள் பரணில் கிடக்கும். அதன் பக்கவாட்டில் பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண் ஒட்டியிருப்பார்கள். அதைப் படம் எடுத்து அவளுக்கும் அனுப்புங்கள், நீங்களும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளம் 2023 மே மாதம் தொடங்கியது. போலீஸ் புகார் நகலையும் அந்த எண்ணையும் கொடுத்தால், தொலைந்த போனில் எந்த சிம்மைப் போட்டாலும் வேலை செய்யாதபடி அங்கே முடக்கலாம்.

அவளுடைய பழைய வங்கிக் கணக்கும் இதே கதைதான். பள்ளிக்கூடத்தில் உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கு, கார்டியன் இடத்தில் உங்கள் கையெழுத்து, இணைத்த நம்பரும் உங்களுடையது. பதினெட்டு வயது நிறைந்ததும் அவளுடைய புதுக் கையெழுத்தும் கேஒய்சி விவரமும் கொடுத்தால்தான் அந்தக் கணக்கு ஒழுங்காக ஓடும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய், மாணவியின் சொந்தக் கணக்குக்கே போகிறது. அவள் படித்தபோதும் பணம் அவள் கணக்குக்கே வந்தது. ஆனால் அவள் வேளச்சேரியில் கவுன்டர் முன்னால் நிற்கும்போது ஓடிபி உங்கள் சட்டைப் பையில் வந்து விழுகிறது, நீங்கள் மக்காச்சோளத்துக்குள் நிற்கிறீர்கள், டவர் இல்லை.

போன மாதம் வங்கிக்காரர், “பொண்ணையே பேசச் சொல்லுங்க சார்” என்று போனை வைத்துவிட்டதாகக் கோபப்பட்டீர்கள். அவர் செய்தது சரி. 1875ஆம் ஆண்டின் வயதுவந்தோர் சட்டப்படி பதினெட்டு நிறைந்தவள் தன் காரியத்துக்குத் தானே பொறுப்பு. அவள் கணக்கைப் பற்றி அப்பா என்று சொல்லிக் கேட்கிற ஒரு குரலுக்கு அவர் பதில் சொன்னால், நாளைக்கு அதே மாதிரி இன்னொருவனும் கேட்பான்.

இனி அந்த ராத்திரிப் போனுக்கு வருவோம். அறைத்தோழியோடு சண்டை, சாவி உள்ளே மாட்டிக்கொண்டது, மேனேஜர் எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டார், ஹாஸ்டல் சாம்பாரில் புழு. இவற்றில் எதற்கும் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை. அவளும் அதற்காகக் கூப்பிடவில்லை, சொல்ல ஆள் வேண்டியிருந்தது. “கேட்டுக்கிட்டா போதுமாம்மா, இல்ல நாங்க ஏதும் செய்யணுமா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் “சும்மாதாம்ப்பா சொன்னேன்” என்றுதான் பதில் வரும். புத்திமதி சொல்லத் தோன்றினால் மறுநாளைக்குத் தள்ளிப் போடுங்கள். நீங்கள் கரிசல்காரர். மழை விட்ட கையோடு காட்டுக்குள் இறங்கினால் மண் காலை விடாது, கலப்பையில் அப்பிக்கொள்ளும், வாட்டம் கண்ட பிறகுதான் உழவே முடியும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மறுநாளைக்குத் தள்ளக்கூடாத காரியங்களும் உண்டு. அவற்றைத் தனியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலாவது, ஏமாற்றிப் பணம் எடுத்துவிட்டார்கள் என்றால். அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்கு அவள் பேச வேண்டும். திருடியவன் அந்தப் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து வேறொன்றுக்கு என்று தள்ளிக்கொண்டே போவான். புகார் சீக்கிரம் பதிவானால், பணம் எந்த வங்கியில் நிற்கிறதோ அங்கேயே அதை நிறுத்தி வைக்க முடியும். விடிந்தபிறகு சொன்னால் நிறுத்தி வைக்க அங்கே ஒன்றும் இருக்காது. கூடவே அவள் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வங்கியின் தப்பும் இல்லாமல் அவள் தப்பும் இல்லாமல் வெளியே நடந்த மோசடி என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கு இழப்பு இல்லை. ஓடிபியை அவளே சொல்லிவிட்டாள் என்றால், தெரிவிக்கும்வரை போனது அவள் தலையில், தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் “எதுக்கு நம்பரச் சொன்ன?” என்று நீங்கள் கேட்கிற பத்து நிமிடத்துக்கும் விலை உண்டு. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, “மொதல்ல 1930க்குப் பேசு, பேசிட்டுக் கூப்பிடு” என்று சொல்லுங்கள்.

இரண்டாவது காய்ச்சல். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் சென்னையில் வருகிற காய்ச்சலுக்கு டெங்குவாக இருக்குமோ என்ற சந்தேகம் வேண்டும். ரத்தப் பரிசோதனை செய்யும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. காய்ச்சல் விட்டதும் நமக்கு நிம்மதி வந்துவிடும். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான், காய்ச்சல் இறங்கிய ஒன்றிரண்டு நாட்களுக்குள். வயிற்றில் கடும் வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், நிற்க முடியாத சோர்வு என்றால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது, 108.

மூன்றாவதை மதினியிடம் சொல்கிறேன். அவள் வழக்கம்போல் அழாமல், ரொம்ப அமைதியாக, “நான் இருந்து என்ன ஆகப்போகுது” என்கிற மாதிரிப் பேசினால், “அப்படியெல்லாம் பேசாத” என்று அடக்கிவிடாதீர்கள். சாகணும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது, இருக்கிற எண்ணத்தை வெளியே சொல்ல வழி கிடைக்கும். அவளைத் தனியே விடாமல் பக்கத்தில் யாரையாவது இருக்கச் சொல்லுங்கள். 14416 என்பது டெலி மானஸ், 2022 அக்டோபர் 10 முதல் நடக்கிற அரசு மனநலச் சேவை. எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம், அவளும் பேசலாம், என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற நீங்களும் பேசலாம்.

இன்னொரு டீ போடச் சொல்லட்டுமா? இனி சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும்.

“அப்பாகிட்ட சொல்லிராதம்மா” என்று அவள் மதினியிடம் சொல்கிறாளே, அந்தப் பேச்சுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கவலையாக இருக்கிறது. அவள் ஐயாயிரம் கேட்பாள். மதினி மகளிர் குழுவில் கடன் எடுத்து, தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று உங்களிடம் ஒரு காரணம் சொல்லி அனுப்பி வைப்பார். அடுத்த முறை குழுவிலும் பணம் இருக்காது. அப்போதுதான் அவள் போனில் கடன் ஆப்பைத் தேடுவாள்.

அந்த ஆப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். மூவாயிரம், ஐயாயிரம் என்று சின்னத் தொகை. கட்டணம் என்று முன்கூட்டியே ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் போடுவார்கள். ஒரே வாரத்தில் முழுத்தொகையும் வட்டியோடு வேண்டும். கடன் கொடுப்பதற்கு முன்பே போனில் இருக்கிற நம்பர்களையும் படங்களையும் பார்க்க அனுமதி வாங்கியிருப்பார்கள், அதுதான் அவர்கள் பிடிக்கிற ஈடு. தவணை தப்பினால், அவள் முகத்தை வெட்டி அசிங்கமான படத்தோடு ஒட்டி, உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் ஆபீசுக்கும் அனுப்புவோம் என்று மிரட்டுவார்கள். ஒன்றை அடைக்க இன்னொரு ஆப்பைக் காட்டிவிடுவார்கள். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, கடன் வங்கியிடமிருந்தோ பதிவு பெற்ற நிதி நிறுவனத்திடமிருந்தோ நேராக வாங்குபவர் கணக்குக்கு வர வேண்டும், ஆப் அவள் போனில் உள்ள தொடர்பு எண்களைத் தொடக்கூடாது. ஆகவே மிரட்டுகிறவன் சட்டத்துக்கு வெளியே நிற்கிறவன். படம் வந்தால் அதையும் மிரட்டலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு சைபர் கிரைமில் புகார் கொடுக்கலாம், சொந்தக்காரர்களுக்கு, “போலிப் படம் வரும், திறக்காதீங்க” என்று நீங்களே ஒரு தகவல் அனுப்பிவிடலாம். அதோடு அவன் கையில் இருந்த ஆயுதம் மழுங்கிவிடும்.

ஆனால் அவள் இதை முதல் வாரத்திலேயே உங்களிடம் சொல்லிவிட்டால் ஐயாயிரத்தோடு முடிந்துவிடும். ஏன் சொல்லமாட்டாள்? திட்டுவீர்கள் என்ற பயம் இல்லை அண்ணாச்சி, திட்டு அவளுக்குப் பழகிவிட்டது. “போதும், மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்துரு, மாப்பிள்ளை பாத்து முடிச்சிருவோம்” என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்றுதான். போன வருஷம் செருப்பு அறுந்து, பஸ்ஸைத் தவறவிட்டு, இன்டர்வியூவுக்குப் பிந்திப் போனதற்கே அதைச் சொன்னீர்கள். கோபத்தில் வந்த பேச்சு என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்கு அது ஒரு எச்சரிக்கை. ஒரு தப்புக்கு வேலையையும் ஊரையும் இழக்க வேண்டிவரும் என்றால், தப்பை மறைப்பதுதான் புத்தி என்று அவள் கணக்குப் போடுகிறாள். அந்த இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

அமெரிக்காவில் ஜெஃப்ரி ஆர்னெட் என்ற உளவியலாளர் 2000ஆம் ஆண்டில், பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரையிலான காலத்தைத் தனிப் பருவமாகவே பார்க்க வேண்டும் என்று எழுதினார். பிள்ளையும் அல்ல, முழுப் பெரியவரும் அல்ல, வேலையும் இடமும் உறவும் மாறிக்கொண்டே இருக்கிற காலம் என்றார். அவர் சொன்னது அந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்து. நம் பெண்களுக்கு அந்த ஏழு வருஷ அவகாசத்தைக் கொடுக்க யாருக்கும் மனசு வருவதில்லை. பையன் ஒரு வேலையை விட்டு இன்னொன்று தேடினால் அனுபவம் என்கிறோம், பெண் அதையே செய்தால் கல்யாணம் என்கிறோம். 2021–22 கணக்கில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47, நாடு முழுக்க 28.4. இப்படிப் படிக்கப் போன பெண்களில் எத்தனையோ பேருக்கு, அவர்கள் வீட்டில் தனியே ஊரைவிட்டுப் போய்ச் சம்பாதிக்கிற முதல் பெண் அவர்கள்தான். ஹாஸ்டல் முன்பணத்தை எப்படித் திரும்ப வாங்குவது என்று மதினியிடமும் கேட்க முடியாது, ஆச்சியிடமும் கேட்க முடியாது. தடுமாறித்தான் கற்றுக்கொள்வாள்.

அதனால் ஒரு வாக்குக் கொடுங்கள். “எந்தத் தப்பு நடந்தாலும் சரி, அதக் காரணம் காட்டி ஒன்ன வேலையை விட்டு வரச் சொல்ல மாட்டேன். பணம் தர முடியுமோ முடியாதோ, ஆனா சொல்லு.” இதை ராத்திரிப் போனில் சொன்னால் அவள் நம்பமாட்டாள். ஊருக்கு வந்திருக்கும்போது, சாப்பிட்டு முடித்து எல்லோரும் இருக்கையில் நீங்களே சொல்ல வேண்டும், மதினி மூலமாகச் சொல்லி அனுப்பக்கூடாது. பிறகு அதைக் காப்பாற்றவும் வேண்டும். பணத்துக்கும் ஒரு எல்லை சொல்லிவிடுங்கள்: வருஷத்தில் இவ்வளவு எங்களால் முடியும், அதற்கு மேல் உன் சம்பளத்தில் பார்த்துக்கொள் என்று. எல்லை தெரிந்தால் அவளும் திட்டம் போடுவாள், மதினியும் குழுவில் ஒளித்துக் கடன் எடுக்க வேண்டியிருக்காது.

ஹாஸ்டல் விஷயம் சுருக்கமாக. பெண்கள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது, பதிவு இல்லாமல் நடத்தக்கூடாது. அடுத்த இடம் மாறும்போது பதிவு இருக்கிறதா என்று கேட்டு, முன்பணத்துக்கு ரசீது வாங்கச் சொல்லுங்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகள் தாம்பரம், திருச்சி போன்ற ஊர்களில் இருக்கின்றன. விண்ணப்பத்தை அவளே போடட்டும்.

ஆடித்தபசுக்கு லீவு போட்டு வருகிறாள் என்றீர்கள். தபசு அன்றைக்குச் சங்கரன்கோவிலில் கால் வைக்க இடம் இருக்காது, மறுநாள் காலையில் இரண்டு பேரும் போங்கள். சிம் கம்பெனியின் சேவை மையத்தில் நம்பரை உங்கள் பேரிலிருந்து அவள் பேருக்கு மாற்றக் கேளுங்கள், ஆதார் இருவருடையதும் வேண்டும். அங்கிருந்து வங்கிக்குப் போய், கணக்கில் உங்கள் நம்பரை எடுத்துவிட்டு அவளுடையதை இணைக்கச் சொல்லி அவளே எழுதிக் கொடுக்கட்டும். பாஸ்புக்கோடு பான் கார்டும் கேட்பார்கள். அது அவள் கையில் இருக்கிறதா, உங்கள் பீரோவில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.