மறுநாளும் பசிக்கும்



ஐந்து அப்பங்களும் இரண்டு மீன்களும் ஐயாயிரம் பேருக்கு உணவான நிகழ்ச்சி நமக்கெல்லாம் நன்கு தெரியும். ஆனால் யோவான் நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தைத் தொடர்ந்து வாசித்தால், மறுநாளே அந்த மக்கள் படகேறி இயேசுவைத் தேடி வந்ததைக் காண்கிறோம். ஆண்டவர் அந்த வேளையில் அழியாத உணவைப் பற்றிப் போதித்தார். அதோடு சேர்த்து நாம் மறந்துவிடக் கூடாத ஓர் எளிய உண்மையும் அங்கே இருக்கிறது. நேற்று வயிறார உண்டவருக்கு இன்றும் பசிக்கும்.

பிற நாடுகளில் பிறரன்புப் பணி நடத்துவோர் ஒவ்வொரு காலையிலும் சந்திப்பது இந்த உண்மையைத்தான். ஒரு பணியைத் தொடங்க இரக்கம் போதும். அதை நிறுத்தாமல் நடத்த வேறு சிலவும் வேண்டும். அவை என்னவென்று, 'மேரிஸ் மீல்ஸ்' என்ற அமைப்பின் அனுபவத்தைக் கொண்டு சிந்திப்போம்.

கொட்டகையில் தொடங்கிய பணி

1992ஆம் ஆண்டு. போஸ்னியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பகுதியில் மீன் பண்ணையில் வேலை செய்துவந்த மேக்னஸ் மெக்ஃபார்லேன்-பேரோ என்ற கத்தோலிக்க இளைஞரும் அவருடைய சகோதரரும், அண்டை அயலாரிடம் உணவும் போர்வைகளும் திரட்டி, ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மெட்ஜுகோரியே வரை சென்று கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். ஒரே ஒரு பயணம் என்பதுதான் அவர்களுடைய எண்ணம். ஆனால் வீடு திரும்பியபோது, பெற்றோரின் கொட்டகை நிறையப் பொருள்கள் வந்து குவிந்திருந்தன. மேக்னஸ் வேலையை விட்டுவிட்டு இதையே தம் பணியாக ஏற்றுக்கொண்டார்.

2002ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் பஞ்சம் வந்தது. அங்கே சென்ற அவர், எய்ட்ஸ் நோயால் இறந்துகொண்டிருந்த ஒரு தாயைக் குடிசையில் சந்தித்தார். சுற்றிலும் ஆறு பிள்ளைகள். மூத்த மகனிடம், "வாழ்க்கையில் உனக்கு என்ன ஆசை?" என்று கேட்டார். வயிறு நிறையச் சாப்பாடும், என்றாவது ஒருநாள் பள்ளிக்கூடமும் வேண்டும் என்றான் அந்தச் சிறுவன். மேரிஸ் மீல்ஸ் பிறந்தது அந்தப் பதிலிலிருந்துதான். பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு நாள்தோறும் ஒருவேளை உணவு. ஏழ்மையில் தம் மகனை வளர்த்த அன்னை மரியாவின் பெயரே அமைப்புக்கும் வைக்கப்பட்டது. ஆனால் பசித்த பிள்ளையிடம் என்ன மதம் என்று கேட்பதில்லை. 200 பிள்ளைகளோடு தொடங்கிய இப்பணி, 2023ஆம் ஆண்டில் பல நாடுகளில் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சென்றடைந்திருந்தது. அவர்களில் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் மலாவியில் இருந்தார்கள்.

ஒரு நாள் காலை

மலாவி கிராமப் பள்ளி ஒன்றில் இப்பணி எப்படி நடக்கிறது? பொழுது விடியும் முன்பே அன்றைய முறைக்குரிய தாய்மாரும் பாட்டிமாரும் சமையல் கொட்டகைக்கு வந்துவிடுவார்கள். தண்ணீர் கொண்டுவருவார்கள். விறகு அடுக்கி அடுப்பு மூட்டுவார்கள். மக்காச்சோள மாவும் சோயா மாவும் கலந்து, சத்துகள் சேர்த்த கஞ்சியைப் பெரிய பானைகளில் துழாவுவார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு குவளையோடு வரிசையில் நிற்பார்கள். குடித்து முடித்ததும் வகுப்புக்குப் போய்விடுவார்கள்.

இந்தப் பெண்களுக்குச் சம்பளம் கிடையாது. அவர்கள் எல்லாரும் அந்த ஊர்க்காரர்கள். தங்கள் வீட்டிலும் பற்றாக்குறையோடு வாழ்கிறவர்கள். மாவு வெளியிலிருந்து வருகிறது. விறகும் தண்ணீரும் உழைப்பும் ஊராருடையவை.

வெளிநாட்டுப் பணியில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். நாம் கொடுக்கிறவர்கள், அவர்கள் வாங்குகிறவர்கள் என்று நினைத்தால், நாம் திரும்பிய மறுநாளே அடுப்பு அணைந்துவிடும். ஊராரே பானையைத் தங்களுடையதாக நினைத்தால்தான் அது எரிந்துகொண்டிருக்கும். அந்த ஐந்து அப்பங்களும் எங்கிருந்து வந்தன? வெளியூரிலிருந்து அல்ல, பசித்திருந்த அதே கூட்டத்தில் நின்ற ஒரு சிறுவனிடமிருந்து.

கணக்குப் பார்ப்பதும் அன்பே

அன்று பிலிப்பு, இருநூறு தெனாரியத்துக்கு அப்பம் வாங்கினாலும் போதாதே என்று கணக்குப் போட்டார். அவருக்கு நம்பிக்கை குறைவு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் இத்தகைய பணியில் ஒரு பிலிப்பு இல்லாமல் ஒரு மாதமும் ஓடாது.

மலாவியில் ஏப்ரல், மே மாதங்கள் மக்காச்சோள அறுவடைக் காலம். அப்போது விலை குறைவு. டிசம்பர் முதல் மார்ச் வரை வீட்டுக் குதிர்கள் காலியாகி, விலை ஏறிவிடும். பிள்ளைகளுக்குப் பசி அதிகமாக இருப்பதும் அந்த மாதங்களில்தான். மழையால் மண் சாலைகள் சேறாகி, லாரிகள் சிக்கிக்கொள்வதும் அப்போதுதான். எனவே முன்கூட்டியே வாங்கிச் சேமிக்க வேண்டும். எலி, ஈரம், திருட்டு இவற்றிலிருந்து மூட்டைகளைக் காக்க வேண்டும். எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எத்தனை கிலோ மாவு செலவானது என்று நாள்தோறும் எழுதிவைக்க வேண்டும்.

நாணயத்தின் சிக்கலும் உண்டு. நன்கொடை பவுண்டிலும் டாலரிலும் வருகிறது. செலவு மலாவியின் க்வாச்சாவில் நடக்கிறது. 2023 நவம்பரில் க்வாச்சாவின் மதிப்பு பெருமளவு குறைக்கப்பட்டது. பவுண்டுக்கு அதிக க்வாச்சா கிடைக்கிறதே என்று மகிழ முடியாது. டீசலும் உரமும் வெளிநாட்டிலிருந்து வருவதால், எல்லா விலைகளும் ஏறிவிடும்.

அப்பங்கள் மீந்தபோது, வீணாகாதபடி துண்டுகளைச் சேர்த்துவைக்கச் சொன்னார் நம் ஆண்டவர். புதுமை செய்ய வல்லவரே மீதியைக் கணக்கில் வைத்தார் என்றால், பிறருடைய காணிக்கையைக் கையாளுகிறவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

வழியில் வரும் புயல்கள்

இவ்வளவு திட்டமிட்டும், நினையாதது நடக்கும். 2014இல் லைபீரியாவில் எபோலா நோய் பரவிப் பள்ளிகள் மூடப்பட்டன. 2020இல் கொரோனாவால் மலாவியிலும் பள்ளிகள் மூடப்பட்டன. பள்ளி இல்லையென்றால் பள்ளி உணவு ஏது? மாவை வீடுகளுக்குக் கொடுத்தனுப்ப வழி கண்டார்கள். 2020 நவம்பரில் எத்தியோப்பியாவின் திக்ரே பகுதியில் போர் மூண்டபோது, அங்கே புனித வின்சென்ட் தே பவுலின் வழிவந்த அருள்சகோதரிகளோடு இணைந்து, வீடிழந்து வந்த குடும்பங்களுக்கு உதவினார்கள். 2023 மார்ச்சில் 'ஃப்ரெடி' புயல் தெற்கு மலாவியைத் தாக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். வகுப்பறைகள் அகதி முகாம்களாயின. சமைக்க வருகிற பெண்களில் பலர் தாங்களே வீடிழந்தவர்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை

இவற்றையெல்லாம்விடக் கடினமான ஒன்று உண்டு. அது 'இப்போது முடியாது' என்று சொல்வது. கஞ்சி கிடைக்கும் பள்ளியைப் பார்த்து, அடுத்த ஊர்த் தலைவர் வந்து தங்கள் பிள்ளைகளுக்கும் கேட்கிறார். மறுக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் தொடர்ந்து நடத்தப் பணம் வரும் என்ற உறுதியில்லாமல் ஒரு பள்ளியைத் தொடங்கினால், சில மாதங்களில் நிறுத்த வேண்டியிருக்கும். கஞ்சியை நம்பிப் பல கல் தொலைவு நடந்துவந்த பிள்ளை, காலிக் குவளையோடு திரும்பும். அதன் பிறகு அந்தத் தாய் யாருடைய சொல்லை நம்புவாள்? அதனால்தான் பள்ளிகளின் பெயர்களைக் காத்திருப்போர் பட்டியலில் எழுதிவைக்கிறார்கள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்திருப்பது ஒரு சிலுவை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காகச் சுமக்கும் சிலுவை.

2005ஆம் ஆண்டு தேதியிட்டுத் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் எழுதிய 'கடவுள் அன்பாய் இருக்கிறார்' என்ற சுற்றுமடலில், பிறரன்புப் பணியாளருக்குத் தொழில்திறன் வேண்டும், ஆனால் அதுமட்டும் போதாது, இதயமும் பயிற்சி பெற வேண்டும் என்று கற்பித்தார். கணக்கேடும் கண்ணீரும் ஒரே மேசையில் இருக்க வேண்டும் என்று நாம் இதைப் புரிந்துகொள்ளலாம்.

நமக்கு என்ன?

அன்பார்ந்தவர்களே, நம் பங்கிலும் காணிக்கை திரட்டுகிறோம். தவக்காலத்தில் உண்டியல் வைக்கிறோம். பேரிடர் செய்தி கேட்டால் மூட்டை மூட்டையாகத் துணி சேர்க்கிறோம். இவை நல்லவையே. ஆனால் உயிர்ப்புப் பெருவிழா முடிந்த மறுவாரம் நம் உண்டியல் எங்கே இருக்கிறது?

எந்தப் பணிக்கு உதவினாலும் மூன்றை நினைவில் கொள்வோம். ஒருமுறை தரும் பெருந்தொகையைவிட, மாதந்தோறும் தவறாமல் தரும் சிறுதொகையை நம்பியே ஒரு பள்ளிக்கு வாக்குக் கொடுக்க முடியும். பொருளை அனுப்புவதைவிட, அங்கேயே வாங்கப் பணம் தந்தால் அந்த ஊர் விவசாயியும் பிழைப்பார். கொடுத்த பின் கணக்குக் கேட்பது சந்தேகமல்ல, அக்கறை.

ஆண்டவர் கற்பித்த செபத்தில், ஆண்டு முழுவதற்குமான உணவை நாம் கேட்பதில்லை. அன்றைய உணவை அன்றன்று கேட்கிறோம். அதைக் கேட்கிற நாமே, அன்றன்று கொடுக்கவும் பழக வேண்டும். நாளை விடியும் முன் மலாவியில் ஒரு தாய் அடுப்பு மூட்டுவாள். நாம் காலைச் செபம் சொல்லும்போது அவளையும் நினைத்துக்கொள்வோம்.