தங்கச்சிக்குத் தெரியாம ஒரு போர்வை

வாங்க, வாங்க, சீக்கிரம் உள்ள வந்து கதவைச் சாத்துங்க! அம்மாவும் தங்கச்சியும் டாக்டர்கிட்ட போயிருக்காங்க. வர்றதுக்கு எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா, எட்டு மாசம் முடியப்போகுது. அவ பிள்ளைக்கு, அவ இருக்கிற வீட்டுல வெச்சே, அவ கண்ணுல படாம ஒரு போர்வை தைச்சுக்கிட்டு இருக்கேன். பத்து நாளா வாயை அடக்கிக்கிட்டு இருக்கேனே, யாருகிட்டயாவது காட்டினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.

முதல்ல இதைத் தொட்டுப் பாருங்க. அப்பத்தாவோட சுங்குடிச் சேலை. அரக்கு நிறத்துல வெள்ளைப் புள்ளி. துணியைக் கிள்ளி, நூலால இறுக்கி முடிஞ்சு, சாயத்துல முக்கி, காய்ஞ்சதும் பிரிச்சா ஒரு புள்ளி. இப்படி எத்தனை முடிச்சுன்னு நினைச்சுப் பாருங்க! மதுரை சௌராஷ்டிரா மக்களோட கைவேலை, 2005-ல புவிசார் குறியீடு வாங்கின துணி. புதுச் சேலையில முடிச்சுப் போட்ட இடமெல்லாம் கொப்புளம் மாதிரி எழும்பி நிக்கும். இதுல எல்லாம் துவைச்சுத் துவைச்சு எப்பவோ அமுங்கிப்போச்சு. கிட்ட வெச்சுப் பாருங்க, வெள்ளைப் புள்ளிக்கு நடுவுல ஊசிமுனை அளவுக்கு அரக்கு எட்டிப் பார்க்குதா? அதைப் பார்த்துத்தான் நான் இந்தச் சேலையை எடுத்தேன்.

மேல இந்தச் சேலை, நடுவுல தாத்தாவோட வேட்டி. அடியில அம்மாவோட வாயில் சேலை. பழைய சேலையை அடுக்கித் தைக்கிறது நம்ம நாட்டுல எத்தனையோ ஊர்ல உண்டு. வங்காளத்துல அது காந்தா, வட கர்நாடகாவுல கௌதி. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது அப்பத்தா. அவங்க அதுக்குப் பேரெல்லாம் வைக்கல, "ஒட்டுப்போட்டது"ம்பாங்க, அவ்வளவுதான்.

இதுல அம்மாவைச் சம்மதிக்க வெச்ச கதை இருக்கே! "பிள்ளை பொறக்குறதுக்கு முன்னாடி அதுக்குன்னு எதையும் வாங்கக் கூடாது, தைக்கவும் கூடாது"ன்னு ஒரே பேச்சா சொல்லிட்டாங்க. நான் சேலையை நீட்டினேன். "புதுசு இல்லம்மா, அப்பத்தாவோடது." வாங்கிக் கன்னத்துல வெச்சுக்கிட்டாங்க. ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம் மெதுவா, "சரி, தை. ஆனா முழுசா முடிச்சிடாத. கடைசித் தையல் பிள்ளை பொறந்தப்புறம்தான்"னாங்க. அன்னையிலேருந்து அம்மா என் கட்சி. வெளிய போயிட்டுத் திரும்பும்போது வாசல்ல நின்னு "காலைக் கழுவிட்டு வா பாப்பா"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்வாங்க. அதுதான் எனக்கு சிக்னல்!

வேலையில பாதி வெட்டுறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும். கஞ்சி போகுற வரைக்கும் அலசி, வெயில்ல காயப்போட்டு, ஈரமான வெள்ளைத் துணியால தேய்ச்சு சாயம் ஒட்டுதான்னு பார்த்தேன். அப்புறம் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா நைஞ்ச இடமெல்லாம் வலை மாதிரி தெரியும். அதையெல்லாம் தள்ளிட்டு 36 இஞ்ச்சுக்கு 36 இஞ்ச் சதுரம் எடுத்தேன். பழந்துணி வழுக்கும், மூணு அடுக்கும் மூணு பக்கம் ஓடும். அதனால சுத்தி 40 ஊக்கு. குத்தினது 40-ன்னா எடுக்கிறதும் 40 இருக்கணும், ரெண்டு தடவை எண்ணினேன். பிள்ளை படுக்கிற துணியாச்சே.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம். ரெண்டு சேலையோட நல்ல பக்கமும் முகத்தோட முகம் பார்க்கிற மாதிரி வெச்சு, வேட்டியை அடியில போட்டு, அரை இஞ்ச் விட்டு நாலு பக்கமும் மிஷின்ல மிதிச்சாச்சு. ஒரு ஓரத்துல ஆறு இஞ்ச் மட்டும் தைக்கல. மூலையில இருந்த அதிகத் துணியை வெட்டிட்டு, அந்தச் சின்ன வாய்க்குள்ள கையை விட்டு, தூரத்து மூலையைப் பிடிச்சு மெதுவா இழுத்தேன். வேட்டி வெள்ளையா சுருண்டு கிடந்தது, கை நிறைய அரக்குப் புள்ளியா வெளிய வந்தது பாருங்க! சத்தம் போட்டுச் சிரிச்சுட்டேன். நல்லவேளை, அன்னைக்கும் வீட்டுல யாரும் இல்ல.

ராத்திரியில மிஷின் சத்தம் கேக்கும்னு கைத்தையல்தான். புள்ளிக்குப் புள்ளி ஓட்டுத் தையல், மூணு அடுக்கும் சேர்ந்து பிடிக்கணும். பட்டன், மணி, குஞ்சம் எதுவும் கிடையாது, எல்லாம் வாய்க்குப் போற சாமான். ஒரு வயசு வரைக்கும் தூங்குற பிள்ளை மேல தளர்வா எதையும் போர்த்தக் கூடாதுன்னு டாக்டர்கள் சொல்றதால, முதல் வருஷம் இதை விரிச்சு, பிள்ளையைக் குப்புறப் போட்டு விளையாட விடுறதுதான். அந்தக் குட்டி விரல் முதல்ல எந்தப் புள்ளியைக் கிள்ளப் பார்க்குமோ!

இதோ, அந்த ஆறு இஞ்ச் வாய் இன்னும் திறந்தே இருக்கு. அதுக்கான அரக்கு நூல் ஊசியில கோத்துத் தயாரா, தனியா நூல்கண்டுல குத்தி...

"காலைக் கழுவிட்டு வா பாப்பா!"

ஐயோ, வந்துட்டாங்க! அந்த முனையைப் பிடிங்க, மடிங்க, ட்ரங்குப் பெட்டிக்குள்ள, பாய்க்கு அடியில, ஆங், அப்படித்தான்!