வெறும் வயிற்றில் ஒரு தேத்தண்ணி

"நான் ஒன்னும் சாப்பிடலைங்க மிஸ்ஸி, வெறும் தேத்தண்ணிதான்." இரத்தம் எடுக்கும் அறை வாசலில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அந்தத் தேத்தண்ணியில் டின் பால் இரண்டு கரண்டி இருக்கும். சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருட்டோடு பெரட்டுக்குப் போய், ஒரு குவளைத் தேத்தண்ணியோடு பால் மரம் வெட்டிய தலைமுறை இது. அவர்களுக்குத் தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கில் சேராது. உடம்பு கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

பசியாறியதும் இன்சுலின் ஏறுகிறது. சாப்பாட்டிலுள்ள கொழுப்பு குடலிலிருந்து நுண்ணிய உருண்டைகளாக இரத்தத்தில் கலக்கிறது. இன்சுலின் ஏறியிருக்கும்வரை கொழுப்புத் திசு அதை வாங்கிப் பூட்டி வைக்கும், வெளியே விடாது. நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு இரத்தம் கொடுத்தால் டிரைகிளிசரைடு ஏறித்தான் தெரியும். இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் இன்சுலின் இறங்கி, பூட்டு திறக்கும். கொழுப்பு அமிலங்கள் வெளியே வந்து தசைக்கும் இதயத்துக்கும் எரிபொருளாகும். கல்லீரல் ஒரு பகுதியைக் கீட்டோனாக மாற்றும். பட்டினி நீண்டால் மூளைக்கு அதுதான் கைகொடுக்கும். இனிப்புத் தேத்தண்ணி உள்ளே போனதும் சர்க்கரை ஏறும், இன்சுலின் எழும், பூட்டு மறுபடி விழும். பிறகு எடுக்கும் இரத்தம் வெறும் வயிற்று இரத்தம் அல்ல.

காலை 8 மணிக்கு இரத்தம் என்றால் முந்தின இரவு 10 மணிக்குள் சாப்பாட்டை முடியுங்கள். பச்சைத் தண்ணீர் மட்டும் தாராளமாகக் குடிக்கலாம். தேத்தண்ணி, கோப்பி, மைலோ எதுவும் வேண்டாம். தவறிக் குடித்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. கொழுப்புச் சோதனையையும் பல நேரங்களில் சாப்பிட்ட பிறகே எடுக்கலாம். எதை இன்றே எடுக்கலாம், எதற்கு இன்னொரு நாள் வர வேண்டும் என்று கேளுங்கள். சீட்டில் 'புவாசா' (வெறும் வயிறு) என்று ஒரு சொல்லை எழுதி நீட்டிவிட்டால் கடமை முடிந்தது என நினைக்கும் கவுண்டர்களும் உண்டு. எத்தனை மணி நேரம், எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று அங்கேயே நின்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மாத்திரை விஷயத்தில்தான் எனக்குப் பயம். கிளிக்லசைடு போன்ற இனிப்பு நீர் மாத்திரையைக் காலை ஆறு மணிக்கே விழுங்கிவிட்டு, நம்பரைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து மணிவரை உட்கார்ந்தால் சர்க்கரை விழும். வியர்வை, நடுக்கம், கண் இருட்டல். மீட்டரில் சர்க்கரை 4 mmol/Lக்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மாத்திரையையும் பசியாறலையும் கையோடு கொண்டுபோய், இரத்தம் கொடுத்த பிறகு இரண்டையும் சேர்த்து முடிப்பதுதான் சரி. இன்சுலின் போடுபவர் நேரத்தையும் அளவையும் முதல் நாளே கேட்டு வைக்க வேண்டும். தானாக நிறுத்தவே கூடாது.

தைப்பூச விரதத்துக்கும் இதே பேச்சுத்தான். ஈப்போ கல்லுமலைக்குக் காவடி எடுக்க நேர்ந்துகொண்டு, டாபாகிலிஃப்ளோசின் அல்லது எம்பாகிலிஃப்ளோசின் போட்டபடி பட்டினி கிடப்பவர்கள் கவனிக்க வேண்டும். இம்மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடும். பட்டினியில் கீட்டோன் பெருகி இரத்தம் புளித்துப்போகலாம். அப்போதும் வீட்டு மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமல் இருக்கலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் மீட்டரை நம்பாதீர்கள். 999ஐ அழையுங்கள், மாத்திரை உறையையும் கொண்டுபோங்கள். மீண்டும் சொல்கிறேன், மீட்டரை நம்பாதீர்கள். ரமலானுக்கு முன் நோன்பு ஆலோசனை தரும் வழக்கம் நம் நாட்டுக் கிளினிக்குகளில் இருக்கிறது. விரதத்துக்கு நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். நேர்த்திக்கடன் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே, இனிப்பு நீர் விவரம் பதியும் பச்சைப் புத்தகத்தோடு கிளினிக்குக்குப் போங்கள்.

2019 தேசிய சுகாதார ஆய்வு, வயது வந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பதாகச் சொன்னது. நாட்டுச் சராசரி 18.3. பரிசோதிக்கக் காசில்லை என்பது பாதிச் சாக்கு. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. அரசாங்கத்தின் எஸ்டிஆர் ரொக்க உதவி பெறுபவரும் அவருடைய துணையும் 40 வயதைத் தொட்டிருந்தால் பெக்கா பி40 திட்டத்தில், பதிந்துகொண்ட தனியார் கிளினிக்கில் இலவசமாகப் பரிசோதிக்கலாம். தனியாக மனுப் போட வேண்டாம், மைகாட் போதும். ஆனால் இரண்டு முறை போக வேண்டும்: முதலில் இரத்தம் கொடுக்க, பிறகு முடிவு கேட்க. இரண்டாவது முறை போகாமல் விடுபவர்கள்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள். போங்கள். முடிவின் நகலைக் கேட்டு வாங்கிப் பச்சைப் புத்தகத்துக்குள் செருகி வையுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் விளக்கம் சொல்ல மறுத்தால் தேதி, நேரம், கவுண்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு கோலகங்சார் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு எழுதுங்கள். சுங்கை சிப்புட் அந்த மாவட்டத்தில்தான் வருகிறது. கடிதத்தின் நகலில் 'பெற்றுக்கொண்டோம்' முத்திரை குத்தி வாங்காமல் திரும்பாதீர்கள்.