இடுப்பு நரம்பு வலி: படுக்கையா, நடையா?

டோம்பிவிலியிலிருந்து மும்பைக்கு மின்சார ரயிலில் தினமும் நின்றபடியே வேலைக்குப் போய்வரும் நண்பர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் வாளியைக் குனிந்து தூக்கினார். இடுப்பில் 'சுரீர்' என்றது. மறுநாள் வலி தொடையின் பின்புறமாக இறங்கிக் கெண்டைக்காலை எட்டிவிட்டது. ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில், "மூணு வாரம் அசையாம படுடா" என்றார். அவரும் படுத்தார். எழுந்தபோது வலி அப்படியே இருந்தது. போதாக்குறைக்குக் கால்களும் தளர்ந்திருந்தன.

அம்மாவைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு காலத்தில் மருத்துவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

இடுப்பில் கோளாறு, காலில் ஏன் வலி?

முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே மெத்தைபோல 'டிஸ்க்' இருக்கிறது. 'ஜவ்வு விலகிவிட்டது' என்று நாம் சொல்வது இதைத்தான். உண்மையில் அது விலகுவதில்லை. அதன் உறை நைந்து, உள்ளே இருப்பது பிதுங்கிப் பக்கத்து நரம்பு வேரை அழுத்துகிறது. இந்த வேர்கள் கூடித்தான், உடலிலேயே தடிமனான சயாட்டிக் நரம்பு உருவாகிக் காலுக்கு இறங்குகிறது. அதனால்தான் வலி காலில் தெரிகிறது. இருமினாலும் தும்மினாலும் கூடுகிறது.

ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. பிதுங்கிய பகுதி பலருக்கு நாளடைவில் தானாகவே சுருங்கிவிடுகிறது. 1999இல் நெதர்லாந்து மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், இந்த வலி கண்ட 183 பேரில் ஒரு பிரிவினரை இரண்டு வாரம் படுக்கவைத்தார்கள். மற்றவர்களை இயன்றவரை நடமாடச் சொன்னார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால், இரு பிரிவிலும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். படுத்தவர்களுக்குத் தனி லாபம் ஏதுமில்லை!

வீட்டில் என்ன செய்யலாம்?

* வலி தாங்கமுடியாத முதல் ஓரிரு நாட்கள் இடையிடையே படுக்கலாம். மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலிமேல் வைத்துக்கொண்டால் பலருக்கு இதமாக இருக்கும். ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை.

* பிறகு வீட்டுக்குள்ளேயே ஐந்து பத்து நிமிடம் நடங்கள். நாளுக்கு நாள் கூட்டுங்கள். கால்வலி மேலேறி இடுப்போடு நின்றால் நல்ல அறிகுறி. பாதத்தை நோக்கி இறங்கினால் அந்த அசைவை நிறுத்திவிடுங்கள்.

* அரை மணிக்கு ஒரு தடவை இருக்கையிலிருந்து எழுந்திருங்கள். பின்பாக்கெட் பர்சை எடுத்துவிடுங்கள். தரையில் சம்மணமிடுவது, அரிவாள்மணையில் உட்காருவது, குனிந்து கோலம் போடுவது எல்லாம் சிறிது காலம் வேண்டாம்.

* வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம் போதும். சர்க்கரை நோயாளிகளும் மரத்துப்போன கால் உள்ளவர்களும் சூட்டில் எச்சரிக்கையாக இருக்கவேண்டும், சுட்டாலும் தெரியாது.

* வலி மாத்திரையை மருத்துவரைக் கேட்டே சாப்பிடுங்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அது கெடுதல் செய்யலாம். முதுகில் ஏறி மிதிப்பது, 'சுளுக்கு எடுப்பது' கூடவே கூடாது.

எப்போது ஓடவேண்டும்?

இது வீட்டு வைத்தியத்துக்கு அப்பாற்பட்டது. சிறுநீர் கழிக்கமுடியாமல் போவது அல்லது தன்னையறியாமல் கழிவது, மலம் அடக்கமுடியாமை, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, பாதம் தூக்கமுடியாமல் தொய்வது, இரண்டு கால்களிலும் பலம் குறைவது: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் நடு இரவானாலும் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடவேண்டும். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். வெட்கத்தால் இவற்றை வீட்டாரிடம்கூடச் சொல்லாதவர்கள் உண்டு. தயவுசெய்து சொல்லுங்கள்.

காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, கீழே விழுந்த அடி, முன்பு புற்றுநோய் இருந்தது ஆகியவற்றோடு வலி சேர்ந்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள். வேறு தொல்லை இல்லாமல் வலி மட்டும் ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தாலும் காட்டிவிடுவது நல்லது.

நம் நண்பர் இப்போது மாலைதோறும் குடியிருப்பைச் சுற்றி நடக்கிறார். வாளியை முழங்கால் மடக்கி, உடலோடு அணைத்துத்தான் தூக்குகிறார்; அதுவும் பாதித் தண்ணீரோடு!