பெயர்தான் இங்கே வேலை செய்கிறது!

கடையில் பில் போடும் திரையை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தத் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அடெம்பியரேவில் ஆசை தீர எட்டிப் பார்க்கலாம். விற்பனை, கொள்முதல், கிடங்கு, கணக்கு என ஒரு நிறுவனத்தின் மொத்தக் கொடுக்கல் வாங்கலையும் தாங்கும் ஜாவா மென்பொருள் அது. திறமூலம் என்பதால் அத்தனை நிரலும் யாரும் படிக்கும்படி திறந்தே கிடக்கிறது. உள்ளே நுழைந்ததும் என்னைக் கட்டிப்போட்டவை பெயர்கள்! டேபிளுக்கு ஒரு முறை, ஃபீல்டுக்கு ஒரு முறை, கிளாஸுக்கு ஒரு முறை. வாங்க, ஒவ்வொரு கதவாகத் திறப்போம்.

முதல் கதவு டேட்டாபேஸ். நூற்றுக்கணக்கான டேபிள்கள். நம் ஊரில் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடுவது போல, ஏறக்குறைய எல்லா டேபிளுக்கும் முன்னால் ஓரிரு எழுத்து, ஒரு அடிக்கோடு. ‘சி_ஆர்டர்’, ‘எம்_புராடக்ட்’, ‘ஜிஎல்_ஜர்னல்’, ‘ஏடி_யூசர்’. சி என்றால் பொதுவான வியாபார விஷயம். எம் என்றால் சரக்கு. ஜிஎல் என்றால் பேரேடு. ஏடி என்றால் அப்ளிகேஷன் டிக்ஷனரி. அதாவது மென்பொருள் தன்னைப் பற்றியே எழுதி வைத்திருக்கும் அகராதி. எந்தத் திரையில் எந்த ஃபீல்டு, அதற்கு என்ன லேபிள் என்பதெல்லாம் ஏடி டேபிள்களில்தான் இருக்கிறது. இனிஷியலைப் பார்த்ததுமே அந்த டேபிள் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடுகிறது!

ஒவ்வொரு டேபிளையும் திறந்து பாருங்கள், தவறாமல் ஏழு ஃபீல்டுகள் நிற்கும். எந்த நிறுவனம், எந்தக் கிளை, நடப்பில் உள்ளதா, எப்போது உருவானது, யார் உருவாக்கினார், எப்போது மாறியது, யார் மாற்றினார். முதன்மைச் சாவிக்குப் பெயர் யோசிக்கவே வேண்டாம். டேபிள் பெயரோடு ‘_ஐடி’ சேர்த்தால் முடிந்தது. ‘சி_ஆர்டர்’ டேபிளின் சாவி ‘சி_ஆர்டர்_ஐடி’. இன்னொரு டேபிளில் இதே பெயரில் ஒரு ஃபீல்டு இருந்தால், அது ஆர்டரைச் சுட்டுகிறது என்று மனிதருக்கும் புரிகிறது, மென்பொருளுக்கும் புரிகிறது. ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும் ஃபீல்டுகள் பெரும்பாலும் ‘இஸ்’ என்று தொடங்கும். அளவென்றால் ‘க்யூடிஒய்’, தேதியென்றால் ‘டேட்’, விலையென்றால் ‘பிரைஸ்’ முன்னால் வரும். விற்பனை ஆர்டரும் கொள்முதல் ஆர்டரும் ஒரே ‘சி_ஆர்டர்’ டேபிளில்தான் குடியிருக்கின்றன. எது எது என்று பிரிப்பது ‘இஸ்எஸ்ஓடிஆர்எக்ஸ்’ என்ற ஒற்றை ஃபீல்டு. கிடங்கிலிருந்து வெளியே போகும் சரக்குக்கும் உள்ளே வரும் சரக்குக்கும் அதேபோல ஒரே டேபிள், பெயர் ‘எம்_இன்அவுட்’. இதைவிட நேராக ஒரு பெயர் வைக்க முடியுமா என்ன!

ஒரே ஒரு பெயரோடுதான் எனக்குச் சண்டை. பொருளுக்கோ வாடிக்கையாளருக்கோ நாம் தரும் சுருக்கக் குறியீட்டை வைக்கும் ஃபீல்டுக்கு ‘வேல்யூ’ என்று பெயர். புதிதாக வருகிறவர் அதை விலை என்றே நினைப்பார். இவ்வளவு கறாரான வீட்டில் இந்தப் பெயர் பொருந்தவே இல்லை.

இனி ஜாவா பக்கம். இங்கேதான் குதூகலம்! டேபிளைப் படித்து ஜாவா கோப்புகளைத் தானாகவே எழுதித் தள்ளும் ஒரு கருவி இருக்கிறது. ‘சி_ஆர்டர்’ டேபிளைக் கொடுத்தால் ‘ஐ_சி_ஆர்டர்’ என்று ஒரு இன்டர்ஃபேஸ், ‘எக்ஸ்_சி_ஆர்டர்’ என்று ஒரு கிளாஸ். எக்ஸ் என்று தொடங்கும் கோப்பில் ‘தானாக உருவானது, மாற்றாதே’ என்ற எச்சரிக்கை இருக்கும். மனிதர் கை வைக்கும் இடம் வேறு, அது ‘எம்ஆர்டர்’. எக்ஸ் கிளாஸின் வாரிசாக நின்று வியாபார விதிகளை அது சுமக்கிறது. டேபிளில் புது ஃபீல்டு சேர்ந்தால் எக்ஸ் கோப்பைக் கருவி திரும்ப எழுதும். எம் கோப்பில் நீங்கள் எழுதிய ஒரு வரியும் கலையாது. வெளியிலிருந்து தரவு இறக்கும் டேபிள்களின் இனிஷியல் ஐ. ஆகவே ‘ஐ_ஆர்டர்’ டேபிளின் இன்டர்ஃபேஸ் ‘ஐ_ஐ_ஆர்டர்’. விதி என்றால் விதிதான்!

மென்பொருள் ஓடும்போது ஒரு டேபிளுக்கு உரிய கிளாஸ் எது என்று எப்படித் தெரிகிறது? பெயரை வைத்தே தேடுகிறது. ‘எம்_புராடக்ட்_கேட்டகரி’ என்று ஒரு டேபிள் வந்தால், முதலில் முன்னால் உள்ள இனிஷியலை வெட்டுகிறது. மிஞ்சியதில் அடிக்கோட்டை எடுக்கிறது. தலையில் எம் என்ற எழுத்தை ஒட்டுகிறது. ‘எம்புராடக்ட்கேட்டகரி’! அந்தப் பெயரில் கிளாஸ் இருக்கிறதா என்று தெரிந்த பேக்கேஜ்களில் எல்லாம் தேடுகிறது. கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் எக்ஸ் கிளாஸ். பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால் போச்சு, நீங்கள் எழுதிய விதி எதுவும் ஓடாது.

இப்போது ஒரு சிக்கல். ‘ஆர்_கேட்டகரி’, ‘ஜிஎல்_கேட்டகரி’, ‘கே_கேட்டகரி’ என்று மூன்று டேபிள்கள். இனிஷியலை வெட்டினால் மூன்றும் ‘எம்கேட்டகரி’! யாரைக் கூப்பிடுவது? இதற்காகவே நிரலுக்குள் ஒரு விதிவிலக்குப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். ‘ஆர்_கேட்டகரி’ வந்தால் ‘எம்ரிக்வெஸ்ட்கேட்டகரி’, ‘ஜிஎல்_கேட்டகரி’ வந்தால் ‘எம்ஜிஎல்கேட்டகரி’, ‘கே_கேட்டகரி’ வந்தால் ‘எம்கேகேட்டகரி’ என்று நேரடியாக எழுதியே வைத்துவிட்டார்கள். ‘எம்எலிமெண்ட்’ என்ற பெயரை ‘சி_எலிமெண்ட்’ எடுத்துக்கொண்டதால், ‘ஏடி_எலிமெண்ட்’டுக்கு அடிக்கோட்டோடு ‘எம்_எலிமெண்ட்’. பட்டியல் மொத்தம் சில வரிகள்தான். அத்தனை டேபிள்களில் விதி சறுக்கியது இவ்வளவு குறைவு என்பதே அந்தப் பெயர்முறைக்குப் பெரிய சான்றிதழ் என்பேன்.

பேக்கேஜ் பெயரைக் கவனித்தீர்களானால் வரலாறே கிடைக்கும். யோர்க் யாங்கே 1999-இல் தொடங்கிய கோம்பியரேதான் இதற்கெல்லாம் மூலம். அது பிறந்தது ஆரக்கிள் டேட்டாபேஸின் மேல். அந்தக் காலத்து ஆரக்கிளில் ஒரு டேபிளின் பெயர் 30 எழுத்தைத் தாண்ட முடியாது. சுருக்கெழுத்துகளுக்கு இங்கே இருக்கும் மரியாதை அதனோடு நன்றாகவே பொருந்துகிறது. 2006-இல் கோம்பியரேவிலிருந்து பிரிந்து வந்தது அடெம்பியரே. அதிலிருந்து பின்னால் கிளைத்தது ஐடெம்பியரே. வீடு இரண்டு முறை பிரிந்த பிறகும் ‘எம்ஆர்டர்’ இருக்கும் முகவரி ‘ஆர்க்.கோம்பியரே.மாடல்’தான்! அதை மாற்றினால் உலகெங்கும் இதன்மேல் கட்டப்பட்ட துணை நிரல்கள் அத்தனையும் உடையும். ஐடெம்பியரேவின் புதிய பதிப்புகளில் டேபிளின் பெயரைக் கிளாஸின் தலைமேலேயே குறிப்பாக எழுதும் வசதி வந்திருக்கிறது. அங்கேயும் சி, எம், ஏடி இனிஷியல்கள் அசையவில்லை.

எனக்கு மிகப் பிடித்தது மெத்தட்களின் பெயர்கள். ஓர் ஆவணத்தின் வாழ்க்கை முழுவதும் ‘இட்’ என்று முடியும் கட்டளைகளில் நடக்கிறது: ‘பிரிப்பேர்இட்’, ‘கம்ப்ளீட்இட்’, ‘வாய்ட்இட்’, ‘க்ளோஸ்இட்’. அதன் நிலையைச் சொல்ல இரண்டெழுத்துக் குறிகள். வரைவு என்றால் டிஆர், முடிந்தது என்றால் சிஓ, ரத்து என்றால் விஓ. ஆர்டரோ இன்வாய்ஸோ பேமெண்ட்டோ, எதைத் திறந்தாலும் இதே கட்டளைகள், இதே குறிகள். ஒன்றைக் கற்றவருக்கு மற்றவை பாதி தெரிந்த மாதிரி. ‘எம்ஆர்டர்’ கோப்பில் ‘கம்ப்ளீட்இட்’டைப் படித்துப் பாருங்கள், கவுன்ட்டர் விற்பனை ஆர்டர் என்றால் சரக்கு டெலிவரியையும் இன்வாய்ஸையும் அந்த இடத்திலேயே உருவாக்கும் வரிகள் கண்ணுக்கு நேரே இருக்கும்.

ஜாவா படிக்கும் மாணவர்களுக்குச் சொல்கிறேன், பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மென்பொருளோடு கார்டன்வேர்ல்டு என்ற மாதிரி நிறுவனமும் வருகிறது. செடி, மரம், தோட்டத்து நாற்காலி விற்கும் கடை அது. ‘கார்டன்அட்மின்’ என்ற பெயரில் உள்ளே நுழைந்து ஒரு ரோஜாச் செடிக்கு ஆர்டர் போடுங்கள். பிறகு ‘எம்ஆர்டர்’ கோப்பைத் திறந்து, நீங்கள் அழுத்திய பொத்தானின் பெயரை அதில் தேடுங்கள்.